அருகே நின்றவர்கள்

ஐப்பசிக் கடைசியில் யாழ்ப்பாணக் கரையோரச் சேமக்காலைகளில் புதுச் சுண்ணாம்பு மணக்கும். நவம்பர் 2 மரித்தோர் திருநாள். அதற்கு முந்திய கிழமையே மண்வெட்டியும் சுண்ணாம்பு வாளியுமாகக் குடும்பம் குடும்பமாக வந்து புல்லுச் செருக்குவோம், சரிந்த சிலுவைகளை நிமிர்த்துவோம், மங்கிப்போன பெயர்களின் மேல் கறுப்பு மையால் இன்னொருக்கால் எழுதுவோம். 1995இல் மெழுகுதிரி கிடைப்பதே பெரும்பாடு. பொருளாதாரத் தடையால் மண்ணெண்ணெய், சவர்க்காரம், பற்றரி எல்லாம் அருமைப்பட்டுப்போன காலம். அம்மம்மா வருஷம் முழுவதும் எரிந்து மிஞ்சிய துண்டுகளைச் சேர்த்து உருக்கி, பப்பாசித் தண்டில் வார்த்து, செத்துப்போன ஒவ்வொருவருக்கும் தனித்தனித் திரி செய்து சீலைத் துண்டில் சுற்றி வைத்திருந்தார்.

அந்தத் திரிகளை நாங்கள் கொளுத்தவில்லை. ஒக்டோபர் 30, திங்கட்கிழமை பொழுதுபடும் நேரம், ஒலிபெருக்கி கட்டிய வாகனமொன்று எங்கள் வீதியால் வந்தது. அரச படை நகரத்தை நெருங்குகிறது, எல்லோரும் உடனே தென்மராட்சிப் பக்கம் போய்விடுங்கள் என்று சொல்லிக்கொண்டே போனது. நடுப்பகுதியிலிருந்தே செல் சத்தம் ஓயாத மாதம் அது. ஆனாலும் ஒரு முழுப் பட்டினத்தையும் சுற்றியுள்ள ஊர்களையும் ஓரிரவில் காலிசெய்யச் சொல்வார்கள் என்று ஒருவரும் நினைத்திருக்கவில்லை.

அந்த இரவைச் சொல்வதற்கு முன்னால் நவாலியைச் சொல்லவேண்டும். சிலுவை என்றால் என்ன என்று நான் யோசிக்கத் தொடங்கியது அங்கேதான்.

அதே வருஷம் ஜூலை 9, ஞாயிற்றுக்கிழமை. வலிகாமத்தின் மேற்கில் முன்னேறி வந்த படைக்கு முன்னால் ஓடி வந்த சனம் நவாலி புனித பேதுருவானவர் தேவாலயத்திலும், அருகிலிருந்த சின்னக்கதிர்காமர் முருகன் கோயிலிலும் தங்கியிருந்தது. கோயில் என்றால் பாதுகாப்பு என்ற நம்பிக்கை. பின்னேரம் விமானம் வந்து குண்டு போட்டது. நூற்றுக்கும் மேற்பட்டவர்கள் செத்துப்போனார்கள். அடுத்த நாள் எங்கள் பங்கு இளைஞரோடு உதவிக்கு நானும் போனேன். அப்போது உயர்தரம் படித்துக்கொண்டிருந்தேன். உடைந்த ஓடுகளுக்குக் கீழே பாய்களும் சோற்றுப் பானைகளும் சின்னப் பிள்ளைகளின் செருப்புகளும் கிடந்தன. அங்கே பார்த்த மற்றவற்றை எழுத எனக்கு விருப்பமில்லை.

வேப்பமரத்தடியில் ஒரு தாய் இருந்தார். அவருடைய பிள்ளையை ஏற்கனவே கொண்டுபோய்விட்டார்கள். வெறுமடியோடு இருந்தார். ஊர்ப் பெரியவர் ஒருவர் பக்கத்தில் குந்தியிருந்து ஆறுதல் சொன்னார். நல்ல மனிதர், அவரும் அழுதுகொண்டுதான் சொன்னார்.

“ஒவ்வொருத்தருக்கும் ஆண்டவர் ஒரு சிலுவை தந்திருக்கிறார், பிள்ளை. பொறுத்துக்கொள்.”

அந்தத் தாய் நிமிர்ந்து பார்த்தார்.

“ஆண்டவர் என்ர பிள்ளைக்குக் குண்டு போடேல்லை, ஐயா. போட்டவன் மேலால போயிட்டான்.”

பெரியவர் ஒன்றும் சொல்லவில்லை. மறைக்கல்வி வகுப்புகளில் சிலுவையைப் பற்றி நான் பாடமாக்கியிருந்த பதில்கள் எல்லாம் அந்த இரண்டு வசனங்களுக்கு முன்னால் நின்றுபோயின. எங்கள் பாவங்களுக்குப் பரிகாரமாக இயேசு மரித்தார் என்று படித்தோம். அதை நான் இன்றும் விசுவசிக்கிறேன். ஆனால் அந்தப் பாடத்தில் சிலுவை வானத்திலிருந்து இறங்கிய பொருளாகவே இருந்தது. மரம் தறித்தவர்கள் இல்லை, ஆணி அடித்தவர்கள் இல்லை, கட்டளை கொடுத்த அதிகாரி இல்லை.

நிஜத்தில் இருந்தார்கள். சிலுவைச் சாவு உரோம அரசு அடிமைகளுக்கும் கலகக்காரருக்கும் என்று வைத்திருந்த தண்டனை. போவோர் வருவோர் எல்லோரும் பார்க்கவேண்டும் என்றே சனம் நடமாடும் வீதியோரங்களில் சிலுவைகளை நட்டார்கள். கி.மு. 71இல் ஸ்பாட்டகஸின் அடிமைக் கிளர்ச்சியை அடக்கிய பிறகு, கப்புவா நகரிலிருந்து உரோமாபுரிவரை பெருந்தெரு நெடுக 6,000 பேரை அறைந்தார்கள். இயேசுவுக்குப் பின்னால், கி.பி. 70இல் எருசலேமை முற்றுகையிட்ட படை அறைந்தவர்களின் தொகைக்குச் சிலுவை நடவே இடம் போதவில்லை என்று அந்தக் காலத்து யூத வரலாற்றாசிரியர் யோசேப்பஸ் எழுதி வைத்திருக்கிறார். நாசரேத்தூர் மனிதர் ஏறியது அந்த வரிசையிலே. கடவுள் செய்து அனுப்பிய மரத்தில் அவர் தொங்கவில்லை. ஓர் அரசு செய்து வைத்திருந்த மரத்திலே தொங்கினார்.

ஒவ்வொரு ஞாயிறும் பூசையில் விசுவாசப் பிரமாணம் சொல்கிறோம். அதில் வருகிற மனிதப் பெயர்கள் மூன்றுதான்: இயேசு, அவருடைய தாய் மரியாள், ஆளுநர் பிலாத்து. அப்போஸ்தலர் ஒருவருடைய பெயர்கூட இல்லை. பேதுரு இல்லை, பவுல் இல்லை. கொல்லப்பட்டவர், பெற்றவர், தீர்ப்பிட்டவர். திருச்சபை இத்தனை நூற்றாண்டாக அந்த ஆளுநரின் பெயரை ஞாயிறு தவறாமல் சொல்லிவருகிறது. நவாலிக்குப் பிறகு அந்த இடம் வரும்போதெல்லாம் எனக்கு வேப்பமரத்தடித் தாயின் குரல் கேட்கும்.

ஒக்டோபர் 30 இரவு புறப்படுமுன் கோயிலுக்கு ஓடினோம். பங்குத்தந்தை நற்கருணைப் பேழையைத் திறந்து, உள்ளே இருந்த அப்பங்களை அங்கு நின்றவர்களுக்கே பகிர்ந்து முடித்துவிட்டு, பேழைக் கதவைத் திறந்தபடியே விட்டார். பெரிய வெள்ளியை ஒட்டிய நாட்களில் மட்டும்தான் அது அப்படி வெறுமையாகத் திறந்து கிடக்கும். பலிபீடத்துக்குப் பின்னால் ஆள் உயரப் பாடுபட்ட சுரூபம். அதைக் கழற்றவோ தூக்கவோ வழியில்லை. பெண்கள் போய்ப் பாதத்தைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டு வந்தார்கள். அம்மா வீட்டைப் பூட்டித் திறப்பைச் செபமாலையோடு சேர்த்துக் கழுத்தில் கட்டிக்கொண்டார். அப்பா சைக்கிளின் பின்கரியரில் தலையணை ஒன்றை வைத்துக் கட்டி அம்மம்மாவை இருத்தினார். தங்கச்சி உரப்பையில் அரிசியும் உடுப்பும் தூக்கினாள். மழை தொடங்கியது.

அரியாலையிலிருந்து நாவற்குழிப் பாலம் சைக்கிளில் கொஞ்ச நேரத் தூரம். அன்று இரவு முழுவதும் நடந்தும் நாங்கள் பாலத்தை எட்டவில்லை. நாலைந்து இலட்சம் சனம் ஒரே நேரத்தில் இறங்கிய வீதி அது. கோப்பாய்-கைதடிப் பாதையால் ஒரு பகுதி போனது. மிச்சமெல்லாம் கண்டி வீதியில். ஓரடி வைப்போம், நிற்போம். செம்மணி வெளியில் இரண்டு பக்கமும் தண்ணீர், ஒதுங்க ஒரு மரம் இல்லை. குடிக்கத் தண்ணீர் இல்லாமல் குடையை மறுபுறம் விரித்து மழைத்தண்ணீர் ஏந்திப் பிள்ளைகளுக்குக் கொடுத்தார்கள். ஆஸ்பத்திரியிலிருந்து வந்தவர்கள் சேலைன் போத்தலை உயர்த்திப் பிடித்தபடி நடந்தார்கள். வயதானவர்கள் பலர் அந்த வீதியிலேயே செத்தார்கள். சனத்தின் நெருக்கத்தில் அவர்களைக் கிடத்த இடமில்லாமல் சுமந்துகொண்டே நடந்தவர்களையும் பார்த்தேன்.

வெளிக்கு நடுவில் சைக்கிள் சில்லு வளைந்துபோயிற்று. அம்மம்மா இறங்கிக் கொஞ்சத் தூரம் நடந்தார், விழுந்தார், எழுப்பினோம், பிறகும் விழுந்தார்.

“என்னை இதில விட்டிட்டுப் போங்கோ. பிள்ளையளைப் பாருங்கோ.”

“பேசாம இருங்கோ, மாமி,” என்றார் அப்பா. அவருடைய குரலில் அப்படி ஒரு கோபத்தை நான் முன்பு கேட்டதில்லை.

எங்களுக்குப் பின்னால் வந்த ஒரு பெடியன், என்னிலும் இரண்டு மூன்று வயது கூட இருக்கும், தோளிலிருந்த மூட்டையை இறக்கித் தன்னோடு வந்தவரிடம் கொடுத்தான். “ஆச்சி, என்ர கழுத்தைப் பிடியுங்கோ” என்று குனிந்து அம்மம்மாவை முதுகில் ஏற்றிக்கொண்டான். விடிந்த பின்னும் சுமந்தான். பாலம் தாண்டிய பிறகு சன வெள்ளத்தில் தன் ஆட்களைத் தேடிக்கொண்டு போய்விட்டான். பெயர் கேட்க எங்களுக்குத் தோன்றவில்லை.

சிலுவைப் பாதையின் ஐந்தாம் நிலையில் சீரேனே ஊர் சீமோன் வருகிறார். அவர் தானாக முன்வந்தார் என்று நற்செய்தி சொல்லவில்லை. நாட்டுப்புறத்திலிருந்து வந்த வழிப்போக்கரைப் படைவீரர் பிடித்துச் சுமக்கவைத்தார்கள். அந்த வீதியில் நாங்கள் எல்லோருமே பிடித்துச் சுமக்கவைக்கப்பட்டவர்கள்தான், ஒருவரும் விரும்பி வரவில்லை. ஆனால் அந்தப் பெடியனை ஒருவரும் பிடித்து இழுக்கவில்லை. கட்டாயத்தின் நடுவில், தன்னிடம் மிச்சமிருந்த அந்தச் சின்னச் சுதந்திரத்தை அவன் எங்கள் அம்மம்மாவுக்குக் கொடுத்தான். சீமோனின் பிள்ளைகள் அலெக்சாந்தர், ரூபு என்று மாற்கு பெயர் குறித்து எழுதியிருக்கிறார். முதல் கிறிஸ்தவர்கள் அந்தக் குடும்பத்தை அறிந்து வைத்திருந்திருக்க வேண்டும். எங்கள் சீமோனின் குடும்பத்தை நாங்கள் அறியோம். எங்கே இருந்தாலும் அவன் நன்றாக இருக்கவேண்டும் என்று எங்கள் வீட்டு இராச் செபத்தில் இன்றைக்கும் ஒரு மன்றாட்டு உண்டு.

அம்மம்மாவைப் பற்றிக் கொஞ்சம் சொல்லவேண்டும். தவக்காலம் வந்தால் வெள்ளிக்கிழமை இரவுகளில் விறாந்தையில் விளக்கை வைத்துக்கொண்டு வியாகுலப் பிரசங்கத்தை இராகமிழுத்து வாசிப்பார். கோவாவிலிருந்து வந்து இலங்கையில் மறைபரப்பிய யாக்கோமே கொன்சால்வேஸ் சுவாமியார் 18ஆம் நூற்றாண்டில் எழுதிய நூல் அது. டச்சுக்காரர் கத்தோலிக்கரை ஒடுக்கிய காலத்தில் ஒளித்து வைத்துப் படித்த சனத்துக்காக எழுதியது. அந்தத் தமிழில் பாதி எங்களுக்கு விளங்காது. அம்மம்மாவுக்கு விளங்கும். வாசித்துக்கொண்டு போகிறவர், சிலுவையடியில் தாய் நிற்கிற இடம் வந்ததும் புத்தகத்தை மடியில் வைத்துவிடுவார்.

“நிண்டவா, மோனை. ஒண்டும் செய்யேலாது. தண்ணிகூடக் குடுக்கேலாது. ஆனா விட்டிட்டுப் போகேல்லை.”

யோவான் நற்செய்தியைத் திறந்து பாருங்கள், அங்கே மரியாள் அழுததாகக்கூட எழுதவில்லை. அருகே நின்றார் என்றுதான் இருக்கிறது. ஆண் சீடர்கள் ஒருவரைத் தவிர மற்றவர்கள் ஓடிவிட்டார்கள். நின்றவர்கள் பெண்கள்.

தென்மராட்சியில் முதலில் ஒரு பள்ளிக்கூடத்து மண்டபம், பிறகு ஒரு தென்னங்காணியில் கிடுகுக் கொட்டில். மார்கழி மழையில் கொட்டிலுக்குள் தண்ணீர் நின்றது. காய்ச்சலும் வயிற்றோட்டமும் காணி முழுவதும் பரவியபோது அம்மம்மாவும் படுத்தார். எழும்பவில்லை. அயலிலிருந்த சேமக்காலையில் இடம்பெயர்ந்து வந்து செத்தவர்களால் இடமே இல்லாமற்போயிருந்தது. காணிக்காரர் தன் வளவின் எல்லையோரத்தில் இடம் காட்டினார். அவர் நெற்றி நிறைய விபூதி பூசுகிற சைவர். மண்வெட்டி எடுத்துத் தானும் வெட்டினார். வெட்டி முடிந்ததும் உள்ளே போய் இரண்டு பனஞ்சலாகைத் துண்டுகளும் கம்பியும் கொண்டுவந்தார். “உங்கட ஆக்கள் இப்பிடித்தானே நடுறவை?” என்று கேட்டுக் குறுக்கே வைத்து அவரே கட்டினார். நீளம் சரிதானா என்று அம்மாவிடம் கேட்டார். தங்கச்சி கரித்துண்டால் குறுக்குச் சட்டத்தில் அம்மம்மாவின் பெயரை எழுதினாள். மழை கழுவும், திரும்ப எழுதுவாள்.

அதுவரை சிலுவை எனக்குக் கோயிலில் இருப்பது, கழுத்தில் போடுவது, நெற்றியில் வரைவது. அந்த மார்கழியில் அது நிலத்தில் நட்ட ஓர் அடையாளம் ஆயிற்று. இந்த இடத்தில் ஓர் ஆள் கிடக்கிறார், அவருக்கு ஒரு பெயர் உண்டு, இந்தச் சாவு சும்மா நடந்த சாவல்ல. அகதிகளாய்ச் செத்தவர்களின் தொகை கணக்குப் புத்தகங்களில் ஏறும், பெயர் ஏறாது. அந்தப் பனஞ்சலாகை அதற்கு இடங்கொடாமல் நின்றது.

1996ஆம் ஆண்டின் பெரிய வெள்ளி ஏப்ரல் 5. கோயிலும் இல்லை, சுவரில் மாட்டிய பதினான்கு படங்களும் இல்லை. காணியில் பதினான்கு தென்னைகளைத் தெரிந்து சுண்ணாம்பால் இலக்கமிட்டோம். கொட்டில் போட வைத்திருந்த வளைகளில் இரண்டை எடுத்துச் சிலுவை செய்தோம். அதைத் தூக்கக் கைகள் போட்டிபோட்டன. இடம்பெயர்ந்த குருவானவர் ஒருவர் முன்னால் நடந்தார். உங்கள் துன்பத்தை ஆண்டவருக்கு ஒப்புக்கொடுங்கள் என்ற பிரசங்கத்தையே நாங்கள் எதிர்பார்த்தோம். பன்னிரண்டாம் தென்னையடியில், இயேசு உயிர்விடுகிற நிலையில், அவர் ஈர மணலில் முழந்தாளிட்டார். நெடுநேரம் பேசவில்லை. பிறகு திரும்பி, “உங்கட வீட்டில செத்தவையின்ர பேரைச் சொல்லுங்கோ” என்றார்.

முதலில் ஒருவரும் வாய் திறக்கவில்லை. எங்கள் அம்மாதான் தொடங்கினார். பிறகு அடுத்த கொட்டில், அதற்கடுத்த கொட்டில். வீதியில் செத்தவர்கள், செல்லில் செத்தவர்கள், காய்ச்சலில் செத்த கைப்பிள்ளைகள். 1993 நவம்பரில் குருநகர் யாகப்பர் கோயில்மீது குண்டு விழுந்தபோது பறிகொடுத்த பெயரை ஒரு கிழவர் சொன்னார். வேலியோரம் நின்ற காணிக்காரரும் ஒரு பெயர் சொன்னார். அது யார் என்று நாங்கள் கேட்கவில்லை. அன்றைய வழிபாட்டில் வேறு பிரசங்கம் இருக்கவில்லை. என் வாழ்க்கையில் சிலுவையைப் பற்றி நான் கேட்ட பிரசங்கங்களில் அதற்கு மேலான ஒன்றை இன்னும் கேட்கவில்லை.

அந்த மாதக் கடைசிக்குள் படை தென்மராட்சியையும் பிடித்தது. நாங்கள் ஊருக்குத் திரும்பினோம். கோயில் ஓடுகள் பாதி இல்லை, வாங்குகள் இல்லை. பாடுபட்ட சுரூபம் விட்டபடியே இருந்தது, ஆணியடித்த பாதங்களுக்கிடையில் குளவி கூடு கட்டியிருந்தது. அந்தத் திரும்பலின் மற்றக் கதைகள் வேறு.

2000ஆம் ஆண்டுச் சண்டையில் தென்மராட்சி சின்னாபின்னமானது. 2002இல் போர்நிறுத்தம் வந்து பாதைகள் திறந்ததும் அம்மம்மாவின் இடத்தைத் தேடிப் போனோம். தென்னைகள் தலையறுந்து நின்றன. காணிக்காரர் எங்கே போனார் என்று சொல்ல அயலில் ஆளில்லை. எல்லையோரத்தில், பனஞ்சலாகை நின்றிருக்கவேண்டிய திசையில், மண்டையோடு வரைந்த சிவப்புப் பலகை: மிதிவெடி. மஞ்சள் நாடாவைத் தாண்டிப் போகமுடியாது. அம்மா வீதியில் நின்றபடியே செபம் சொன்னார். நின்றார் என்பதை இங்கே நான் வேண்டுமென்றே எழுதுகிறேன். கால் கடுக்க, வெயில் ஏறும்வரை, அந்தப் பக்கத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

அதற்குப் பிறகுதான் நான் தேடித் தேடிப் படிக்கத் தொடங்கினேன். ஜெர்மானியர் யூர்கன் மோல்ட்மான் 1972இல் எழுதிய ‘சிலுவையில் அறையப்பட்ட கடவுள்’ என்ற நூலை எனக்குத் தெரிந்த குருவானவர் ஒருவர் ஆங்கிலத்தில் தந்தார். மோல்ட்மான் 1943இல் ஹம்பேர்க் நகரம் குண்டுவீச்சில் எரிந்தபோது அங்கே இருந்த பதின்வயதுப் பையன். பக்கத்தில் நின்ற நண்பன் சிதறிப்போனான், இவர் பிழைத்தார். பிறகு போர்க் கைதியாக முகாமில் கிடந்தபோது கையில் கிடைத்த வேதாகமத்தில் மாற்கு நற்செய்தியைப் படித்தார். கடவுள் தன்னைக் கைவிட்டது ஏன் என்று கேட்டுக் கதறிச் சாகிற இயேசுவை அங்கே கண்டார். தன்னுடைய கேள்வியை ஏற்கனவே கேட்டுவிட்ட ஒருவர் அவருக்குக் கிடைத்தார். அந்த நூலில் எனக்கு எட்டாத பகுதிகள் நிறைய. இந்த ஓரிடம் எட்டியது. சிலுவையில் தொங்கியவரே ஏன் என்று கேட்டிருக்கிறார் என்றால், கேட்பது விசுவாசக் குறைவு என்று ஒரு தாய்க்கும் சொல்ல எங்களுக்கு உரிமையில்லை. அவருடைய கேள்விக்கு வானத்திலிருந்து அப்போது பதில் வரவில்லை என்பதையும் நற்செய்தி மறைக்கவில்லை.

இன்னொன்றும் படித்தேன். உரோமர் அறைந்தவர்கள் ஆயிரக்கணக்கு. அவர்களின் எலும்புகள் அகழ்வாய்வுகளில் அகப்படுவது மிகமிக அரிது. 1968இல் எருசலேமின் வடபுறத்துக் கல்லறையொன்றில் குதிகால் எலும்பு ஒன்று கிடைத்தது, ஊடே பாய்ந்த இரும்பாணியோடு. ஆணியின் முனை வளைந்துபோயிருந்தது. இழுக்க வராமல் ஆணியோடேயே உறவினர் உடலைக் கொண்டுபோயிருக்கிறார்கள். பிறகு எலும்புகளைக் கற்பேழையில் சேர்த்து, யெகோகனான் என்று பெயரைச் செதுக்கி வைத்திருக்கிறார்கள். அந்த வீட்டார் போய் உடலைக் கேட்டு வாங்கியிருக்காவிட்டால் அந்தப் பெயரை இன்றைக்கு உலகம் அறியாது.

அரிமத்தியா யோசேப்பு செய்ததும் அதுதான். நான்கு நற்செய்திகளும் அவரைச் சொல்கின்றன. கலகக்காரன் என்று அரசு கொன்ற மனிதனின் உடலை, கொன்ற ஆளுநரின் முன்னாலேயே போய்க் கேட்டார். துணிந்து போனார் என்று மாற்கு எழுதுகிறார். அந்தத் துணிவின் அளவு எங்கள் நாட்டில் உள்ளவர்களுக்குத் தெரியும். சோதனைச் சாவடியில், முகாம் வாசலில், என் பிள்ளை எங்கே என்று கேட்கப் போன பெண்கள் எங்கள் ஒழுங்கையிலேயே இருந்தார்கள்.

2006 ஆகஸ்டில் அல்லைப்பிட்டி புனித பிலிப்பு நேரியார் ஆலயத்தில் தஞ்சம் புகுந்திருந்த சனத்தின்மீது செல் விழுந்து பலர் மாண்டார்கள். உயிர் தப்பியவர்களை அங்கிருந்து வெளியே கொண்டுவரப் பாடுபட்ட பங்குத்தந்தை ஜிம் பிறவுண் அடிகள் அதே மாதம் 20ஆம் திகதி காணாமற்போனார். 2009 மே மாதம், வன்னிப் போரின் கடைசியில், சரணடைந்தவர்களை விட்டுப் பிரியாமல் கூடவே போன பிரான்சிஸ் யோசேப்பு அடிகளும் திரும்பவில்லை. மன்னார் ஆயர் இராயப்பு யோசேப்பு ஆண்டகை 2011இல் கற்றுக்கொண்ட பாடங்களும் நல்லிணக்கமும் ஆணைக்குழுவின் முன் போய், அரசாங்கத்தின் சனத்தொகைக் கணக்குகளையே எடுத்து வைத்து, 146,679 பேருக்கு என்ன நடந்தது என்று கேட்டார். சாகும்வரை கேட்டார். 2021 ஏப்ரல் 1, பெரிய வியாழனன்று அவர் மரித்தபோது அந்தக் கேள்வி பதிலில்லாமலே இருந்தது. ஆயர்கள் சிலுவையைக் கழுத்தில் அணிகிறார்கள். அது எதற்கு என்று எனக்குக் காட்டியவர் அவர்.

துன்பம் ஏன் என்பதற்குச் சிலுவை எனக்கு விளக்கம் தரவில்லை. தந்ததாகச் சொல்கிறவர்களோடு நான் வாதாடுவதும் இல்லை. அறையப்பட்டவரை விட்டு விலகாதே என்று அது சொல்கிறது, அதுமட்டும் எனக்குத் தெளிவு. கடவுள் எந்தப் பக்கம் என்று கேட்டால், மேலால் போனவனின் பக்கம் அல்ல, வேப்பமரத்தடியிலே என்பேன். உயிர்த்தெழுதலை நான் முழு மனதோடு நம்புகிறேன். உயிர்த்தவரின் உடலிலும் ஆணித் துவாரங்கள் இருந்தன, தோமையார் அவற்றைப் பார்த்துத்தான் அவரை அறிந்துகொண்டார். காயத்தை மறைத்துவிட்டு வருகிற மகிமையை நற்செய்தி அறியாது. நடந்ததை மறந்துவிட்டு முன்னே போவோம் என்று எங்களுக்குச் சொல்லப்படும்போதெல்லாம் எனக்கு ஞாபகம் வருவது இதுதான்.

1996இல் தென்னையடியில் தொடங்கிய வழக்கத்தை எங்கள் பங்கில் விடவில்லை. ஒவ்வொரு பெரிய வெள்ளியும் பன்னிரண்டாம் நிலையில் பெயர்கள் வாசிக்கப்படும். நான் ஆசிரியனாகி ஊரில் தங்கிவிட்டதால் தவக்காலத்தில் பெயர்களைச் சேர்ப்பது என் வேலையாயிற்று. போர் முடிந்த பிறகு பட்டியல் நீண்டது. வன்னியிலிருந்து திரும்பி வந்த குடும்பங்கள் தங்கள் பெயர்களையும் தந்தன. அவர்களில் ஒரு தாயின் மகன் 2009 மே மாதம் சரணடைந்தவன். அவர் வீட்டுக்குப் போனேன். தேநீர் தந்தார். கொப்பியைத் திறந்ததும் கையை வைத்து மூடினார்.

“என்ர பிள்ளையைச் செத்தவையோட சேர்த்து வாசிக்காதேங்கோ, சேர். நான் கையில பிடிச்சுக் குடுத்தனான். வாங்கினவை திருப்பித் தரவேணும்.”

2017 பெப்ரவரி 20 முதல் கிளிநொச்சி கந்தசுவாமி கோயிலடியில் காணாமலாக்கப்பட்டோரின் உறவினர் வீதியோரம் கொட்டகை போட்டு இருக்கத் தொடங்கியபோது இவரும் மகனுடைய படத்தோடு பஸ் ஏறிப் போய்வரத் தொடங்கினார். சவப்பெட்டி இல்லாமல், மரணச் சான்றிதழ் வேண்டாம் என்று சொல்லிக்கொண்டு இருக்கிற தாய்மார் அவர்கள். சிலருக்குச் சான்றிதழும் இழப்பீடும் தருவதாகச் சொல்லப்பட்டபோது அவர்கள் கேட்டது பிள்ளையை.

பங்குச் சபையில் இந்த விஷயத்தைக் கதைத்தோம். பெயர் வாசிக்காமல் விடவும் முடியாது, பன்னிரண்டில் வாசிக்கவும் முடியாது. பதினான்காம் நிலையில் வாசிப்போமா என்று ஒருவர் கேட்டார். அது அடக்கம் செய்கிற நிலை, இன்னும் மோசம். கடைசியில் கூட்டத்தின் பின்வரிசையில் இருந்த ஒரு பெண் சொன்னார்: “நாலில வாசியுங்கோ, பாதர்.” நாலாம் நிலையில் இயேசு தம் தாயைச் சந்திக்கிறார். பிடித்துவிட்டார்கள், தீர்ப்பும் சொல்லியாயிற்று. ஆனால் மகன் இன்னும் உயிரோடு வீதியில் போகிறான், தாய் அவன் முகத்தைப் பார்க்கிறாள்.

அந்த வருஷம் நாலாம் நிலையில் சிலுவையை நிறுத்தினோம். அந்தத் தாய் நான் எழுதிக் கொடுத்த கடதாசியை வாங்கவில்லை. மகனுடைய பெயர், பிறந்த திகதி, ஒப்படைத்த நாள், ஒப்படைத்த இடம் எல்லாவற்றையும் மனப்பாடமாக, கூட்டத்தின் கடைசிவரைக்கும் கேட்கும்படி உரத்துச் சொன்னார். அடுத்தடுத்து மற்றத் தாய்மாரும் சொன்னார்கள். அன்று சிலுவைப் பாதை முடியப் பொழுது சாய்ந்துவிட்டது.

இப்போதும் அந்த ஒழுங்குதான். செத்தவர்களின் பெயர்கள் பன்னிரண்டில், தேடப்படுகிறவர்களின் பெயர்கள் நாலில். வருஷங்கள் போகப்போகத் தாய்மாரில் சிலர் காத்திருந்தே மரித்துவிட்டார்கள். அவர்களுடைய பிள்ளைகளின் பெயர்களை நாலாம் நிலையில் பேரப்பிள்ளைகள் வாசிக்கிறார்கள். எட்டு நிலைகள் தாண்டிப் பன்னிரண்டில் அந்தத் தாய்மாரின் பெயர்களை வாசிக்கிறோம்.